வலது கட்டைவிரல் மருதாணி

"பாவா, என் மக என்கிட்ட பேசி இன்னையோட நாப்பத்தோரு நாள் ஆச்சு."

நூஹு பாவா மணலைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஊருக்குத் தெற்கே, கடலைப் பார்த்த மணல்மேட்டில் ஒரு சின்ன தர்கா. கடல்காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து வாசலில் கொட்டும். பாவா கூட்டித் தள்ளுவார். மறுநாள் மறுபடியும் கொட்டும். மறுபடியும் கூட்டுவார். இதில் யாருக்குப் பிடிவாதம் அதிகம் என்று ஊருக்கு இன்னும் தெரியாது.

வந்து நின்றவர் செய்கனா லெப்பை. வயது அறுபத்திரண்டு. பாவாவுக்கு ஐம்பதுதான். மூத்தவர் என்பதால் பாவா அவரைக் 'காக்கா' என்பார். ஆனாலும் சீடர் செய்கனாதான். பன்னிரண்டு வருஷமாக இந்த மணலில் பாவாவின் எதிரே உட்கார்ந்து எழுந்தவர்.

"ஒரே வீட்டுலதானே இருக்கா?"

"ஒரே வீடுதான் பாவா."

அந்த ஊர் வழக்கம் அப்படி. பெண்ணைக் கட்டிக் கொடுத்தாலும் வீட்டை விட்டு அனுப்ப மாட்டார்கள். மாப்பிள்ளைதான் வந்து போவார். கோபித்துக்கொண்ட மகள் போய் உட்கார வேறு வீடு கிடையாது. அடுத்த அறையிலேயே பேசாமல் இருப்பாள்.

"சோறு?"

"அவளே போட்டு, உம்மா கையில கொடுத்து அனுப்புவா."

"கை எப்படி இருக்கு?"

"காட்ட மாட்டேங்குறா. மூடியே வச்சிருக்கா."

பாவா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"உக்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."

செய்கனா சொன்னார்.

அவர் மருதாணிப் பொடி செய்பவர். இலையை நிழலில் உலர்த்தி, உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலித்து எடுப்பார். ஊரில் தலைக்கும் தாடிக்கும் கைக்கும் அவர் பொடிதான்.

நல்ல மருதாணிக்கு ஒரு குணம் உண்டு. அவசரமே படாது. ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் கழுவினால் வெறும் பரங்கிக்காய் நிறம்தான் தெரியும். பிறகு தானாகவே இருட்டிக்கொண்டு போய், இரண்டாம் நாள்தான் முழுச் சிவப்பு வரும்.

முன்பெல்லாம் ஜனங்கள் காத்திருந்தார்கள். பிறகு காலையில் வந்து, சாயங்காலம் விசேஷம் என்று நிற்க ஆரம்பித்தார்கள்.

"என்ன காக்கா இது, பரங்கிக்கா மாதிரி இருக்கு?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்.

பட்டணத்து வியாபாரி ஒருவன் ஒரு கறுப்புப் பொடி கொடுத்தான். ஒரு சிட்டிகை சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் கருஞ்சிவப்பு. ஊரே கொண்டாடியது. சிட்டிகை பிடியாயிற்று.

சிலர் அரிக்கிறது என்றார்கள்.

"உடம்புச் சூடு. எளநீ குடிங்க," என்று சொல்லி அனுப்பினார் செய்கனா.

மகள் சபூராவுக்கு நிக்காஹ் வைத்தார்கள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. விடுப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று தேதியை முன்னால் இழுத்தார்கள். மருதாணிக்கு ஒரே ஒரு நாள்தான் மிஞ்சியது.

மணப்பெண் கை எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவுக்கு மாப்பிள்ளையின் பிரியம் என்று அங்கே ஒரு நம்பிக்கை. தன் மகள் கையைப் போல இன்னொரு கை அந்த ஊரில் சிவந்ததில்லை என்று ஆக வேண்டும் என்று செய்கனா நினைத்தார். கறுப்புப் பொடியை இரண்டு மடங்காகக் கலந்தார்.

சபூராவுக்கு மூன்று வயதிலிருந்து, ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர்தான் மருதாணி வைப்பார். கொடி வரைவார். கொடியில் இலை வரைவார். "அசையாதேம்மா, கொடி கலைஞ்சிடும்," என்பார். அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு வருஷமும் அசைந்ததில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தாள்.

"எரியுது வாப்பா."

"எரிஞ்சாத்தான் நல்லாப் பிடிக்கும். அசையாதேம்மா."

நிக்காஹ் அன்று கை கருஞ்சிவப்பாக மின்னியது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. மூன்றாம் நாள், அவர் வரைந்த கொடி வரைந்தபடியே கொப்புளமாக எழுந்தது. ஒவ்வொரு இலையும் எழுந்தது.

"என்ன போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். செய்கனா வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சபூரா ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நீங்க சொன்ன மாதிரி அசையாமத்தானே வாப்பா இருந்தேன்."

அதற்குப் பிறகு பேசவில்லை.

செய்கனா அழுதார். அறுபத்திரண்டு வயது மனிதர் மணலில் உட்கார்ந்து, மறைக்கவும் தோன்றாமல் அழுதார்.

அவர் அழுது முடிக்கும்வரை பாவா காத்திருந்தார்.

"அந்தப் பொடியைத்தானே எனக்கும் கொடுத்தீங்க?"

"ஆமா பாவா."

"நான் பூசல."

செய்கனா தலை நிமிர்ந்து பார்த்தார். எப்போதும் மருதாணியில் சிவந்திருக்கும் பாவாவின் தாடி இரண்டு வருஷமாக வெளுத்துக் கிடந்தது. பாவா அலங்காரத்தை விட்டுவிட்டார் என்று செய்கனா நினைத்திருந்தார். என் பாவாவைப் போல உண்டா என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"டப்பாவைத் திறந்ததுமே தெரிஞ்சுது. இலை வாசனை இல்ல."

"அப்ப ஏன் சொல்லல?"

"தாடியை வெளுக்க விட்டேன். பார்த்துட்டு ஏன்னு கேப்பீங்கன்னு இருந்தேன்."

ஞானிகளிடம் இது ஒரு பெரிய தொல்லை. வாயால் சொன்னால் ஒரு நொடியில் முடிகிற காரியத்தைத் தாடியால் சொல்வார்கள்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் செய்கனா அந்த இடத்தில் குரலை உயர்த்தினார்.

"வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் புள்ள கை வெந்திருக்குமா?"

பாவா கடலைப் பார்த்தார். பிறகு செய்கனாவைப் பார்த்தார்.

"வெந்திருக்காது. அது என் குத்தம்தான்."

சொல்லிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த கல்லிலிருந்து இறங்கி, மணலில் செய்கனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். செய்கனாவுக்கு மேற்கொண்டு கத்த வரவில்லை.

காற்று மணலைக் கொண்டு வந்து கொட்டியது.

"பொடி ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"எல்லாத்தையும் குழி தோண்டிப் பொதச்சிட்டேன்."

"மரம்?"

"நிக்குது."

"இலை பறிச்சு, பொடி பண்ணிக் கொண்டாங்க. இலை மட்டும்."

"இனிமே மருதாணியைத் தொடுறதில்லன்னு இருக்கேன் பாவா."

"மருதாணி என்ன செஞ்சுச்சு?"

செய்கனா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து ஒரு சின்னத் துணி முடிச்சோடு வந்தார். பாவா முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி பொடியைத் தன் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார்.

"என்ன நிறம்?"

"பச்சை."

"சிவப்பு எங்க இருக்கு?"

இது என்ன கேள்வி என்று செய்கனா வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

நாற்பது வருஷமாக அந்த இலையைப் பறித்திருக்கிறார், காய வைத்திருக்கிறார், இடித்திருக்கிறார், சலித்திருக்கிறார். இலையைக் கிழித்தால் பச்சை. இடித்தால் பச்சை. துணியில் சலித்தாலும் பச்சை. சிவப்பை அவர் எங்கேயும் கண்டதில்லை.

"தெரியல பாவா."

"நீங்க உள்ள வச்சீங்களா?"

"இல்ல."

"நானும் வைக்கல."

இரண்டு ஆண்கள் ஒரு பிடி பச்சைப் பொடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் தன் கையில் என்ன இருந்தது என்பது அவருக்குப் பயமாக இருந்தது. அழகாகவும் இருந்தது.

எலுமிச்சைச் சாறும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டுக் குழைத்து மூடி வைத்தார்கள். காலையில் குழைத்தது, பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்து திறந்தபோது மேலே பழுப்பாகி, ஓரத்தில் செம்மண் தண்ணீர் கசிந்திருந்தது.

"கையை நீட்டுங்க."

செய்கனா இடது கையை நீட்டினார்.

பாவா அதைத் தள்ளிவிட்டு வலது கையைப் பிடித்தார். கட்டைவிரல் நகத்தில் மட்டும் அப்பினார். பிறகு தன் வலது கட்டைவிரல் நகத்திலும் அப்பிக்கொண்டார்.

"உங்களுக்கு எதுக்கு பாவா?"

"எனக்கும் பங்கு இருக்கே."

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை விரலைத் தூக்கிப் பிடித்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உதிர்த்தபோது நகம் பரங்கிக்காய் நிறத்தில் இருந்தது.

"இது போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருங்க."

"போனா என் மக பேசுவாளா?"

"தெரியாது."

"பின்ன எதுக்கு இது?"

பாவா துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் அந்த நகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் அதையும் தாண்டி இருண்டது. யாரும் தொடவில்லை, யாரும் ஒன்றும் கலக்கவில்லை. செய்கனா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டு நாள் பொறுக்க முடியாமல்தானே எல்லாம் செய்தோம் என்று நினைத்தார்.

பிறகு அந்த நகத்தைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

எலுமிச்சையைத் தேய்த்தார். சோடாவில் ஊற வைத்தார். செங்கல் துண்டால் உரசினார். நகம் தேய்ந்தது, சதை எரிந்தது. சிவப்பு இம்மியும் நகரவில்லை.

வலது கை என்பதால் ஒளிக்கவும் வழியில்லை. சோறு பிசையும்போது தெரிந்தது. ஸலாம் சொல்லிக் கை கொடுக்கும்போது தெரிந்தது. துஆவுக்குக் கையேந்தினால் கண்ணெதிரே நின்றது.

"என்ன காக்கா, மறுபடியும் மாப்பிள்ளையா?" என்று டீக்கடையில் கேலி பேசினார்கள்.

மூன்று நாள் சிரித்து மழுப்பினார். நாலாம் நாள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். கறுப்புப் பொடியைப் பற்றிச் சொன்னார்.

அன்றிலிருந்து தெருத் தெருவாகப் போனார். "என் பொடி வீட்டுல இருந்தா கொடுத்துடுங்க. பூசாதீங்க," என்று வாசலில் நின்று கேட்டார். சிலர் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் திட்டினார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தொப்பியைக் கழற்றி, மண்டையில் புண்ணாகி ஆறிய தழும்பைக் காட்டினார்.

"எளநீ குடிக்கச் சொன்னீங்க, குடிச்சேன்," என்றார்.

செய்கனா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வேறு என்ன செய்வது?

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யும்போது, நகத்தின் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சோப்பு ஒட்டியிருக்கிறது என்று தேய்த்தார். போகவில்லை.

சோப்பு இல்லை. புது நகம். சதைக்கும் சிவப்புக்கும் நடுவே நூல் அகலத்துக்கு, ஒரு கறையும் இல்லாமல் வந்திருந்தது.

ஈரக் கையோடு மனைவியிடம் ஓடினார்.

"மைமூன், இங்க பாரு!"

"நகம் வளந்திருக்கு. அதுக்கென்ன?"

"நான் ஒண்ணுமே செய்யல மைமூன்."

"நகம் வளர நீங்க என்ன செய்யணும்?"

அடுத்த அறையில் சபூரா தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

மறுநாள் சோறு வைக்கும்போது மைமூன் சொன்னாள்.

"வாப்பா விரல்ல என்னன்னு கேட்டா."

செய்கனா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

"நீ என்ன சொன்னே?"

"எனக்கென்ன தெரியும்? நீங்களே சொல்லுங்க."

மகளைக் கூப்பிட அவருக்குத் துணிச்சல் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உரக்கச் சொன்னார்.

"இலைப் பொடி. வேற ஒண்ணும் கலக்கல. பாவா வச்சு விட்டாரு. போற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கணும்னு சொல்லியிருக்காரு."

சுவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் பேசி முடிக்கும்வரை மெஷின் ஓடவில்லை.

மூன்றாம் மாதம் மணல்மேட்டுக்குப் போனார். பாவாவின் தாடி மறுபடியும் சிவந்திருந்தது. அந்தத் துணி முடிச்சில் மிஞ்சிய பொடி.

அதைப் பார்த்ததும் செய்கனாவின் கண் நிறைந்தது. இந்தத் தடவை தாடி சொன்னது அவருக்குப் புரிந்தது.

இரண்டு கட்டைவிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் பாதி வெள்ளை, பாதி சிவப்பு.

"நீங்க தள்ளினீங்களா காக்கா?"

"இல்ல பாவா."

"நானும் தள்ளல."

செய்கனா தன் நகத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சோடாவும் செங்கல்லும் செய்ய முடியாததை, அவர் தூங்கும்போதும் திட்டு வாங்கும்போதும் உள்ளேயிருந்து ஒன்று சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. அந்த நகத்துக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது அவருக்கு.

"பாவா, ஒண்ணு கேக்குறேன். இந்தத் தடவை வாயாலயே சொல்லிடுங்க. கடைசியில நுனியில கொஞ்சம் நிக்குமே, அதை என்ன செய்யணும்?"

பாவா சிரித்துவிட்டார்.

"வெட்டணும்."

"நானே வெட்டிக்கலாமா?"

"முடிஞ்சா வெட்டிக்கோங்க."

ஆறாம் மாதத்தில் சிவப்பு நுனிக்கு வந்தது. பிறை அளவுக்கு மெல்லிய ஒரு கீற்று. ஒரு வெட்டில் போய்விடும்.

அஸர் தொழுதுவிட்டு வந்து, செய்கனா முற்றத்தில் நகவெட்டியோடு உட்கார்ந்தார். மேலேயிருந்து வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி நகவெட்டியை வைத்தார்.

வழுக்கியது.

மறுபடி வைத்தார். சதையைக் கடித்தது.

வலது நகத்தை இடது கையால்தான் வெட்ட வேண்டும். இத்தனை நாளும் மைமூன்தான் வெட்டி விடுவாள். நாற்பது வருஷம் இடது கையால் உலக்கை பிடித்து, அந்தக் கை விரல்கள் மடங்காமல் போயிருந்தன. நகவெட்டியை அழுத்தப் பிடி கிடைக்கவில்லை.

முடிஞ்சா வெட்டிக்கோங்க என்று பாவா சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று இடது கையைத் தள்ளிவிட்டதும் நினைவுக்கு வந்தது. எரிச்சலாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

"மைமூன், கொஞ்சம் வந்து இதை வெட்டி விடேன்."

மைமூன் எட்டிப் பார்த்தாள்.

"கண்ணாடியைக் காணோமே. கண்ணாடி இல்லாம விரலை வெட்டிடுவேன்."

கண்ணாடி அவள் நெற்றிக்கு மேலேதான் இருந்தது. அதோடு சமையலறைக்குள் போய்விட்டாள்.

செய்கனா மூன்றாம் தடவை நகவெட்டியை வைத்தார்.

மெஷின் சத்தம் நின்றது.

அவர் நிமிரவில்லை. நிமிர்ந்தால் ஏதாவது கலைந்துவிடும் என்று பயந்தார். வெறுங்கால் நடந்து வந்தது. எதிரே யாரோ உட்கார்ந்தார்கள். அவர் கையிலிருந்து நகவெட்டியை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு கை நீண்டு, அவருடைய கட்டைவிரலைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டது.

ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த உள்ளங்கையை அவர் பார்த்தார். அவர் வரைந்த கொடி அங்கே இருந்தது. ஒரு இலை விடாமல், வெளிறிய தழும்பாக, மணிக்கட்டுவரை ஓடியது. கொடியைச் சுற்றிலும் புதுத் தோல் வந்திருந்தது.

செய்கனாவின் விரல் நடுங்கியது. பிறகு கை நடுங்கியது. பிறகு உடம்பெல்லாம் நடுங்கியது. நகவெட்டி நகத்தில் நிற்கவில்லை.

சபூரா அவர் விரலை இறுக்கிப் பிடித்தாள்.

"அசையாம இருங்க வாப்பா."